உடலின் காவலும் ஊரின் காவலும்



காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு படகின் பக்கத்திலும் அதன் பதிவு எண் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். கடலில் காவல் சுற்றுவோர் ஒரு படகைக் கண்டால் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். எண்ணைப் பார்த்துப் படகில் இருப்பவர் நல்லவரா, கெட்டவரா என்று சொல்ல இயலாது. நம் படகா, அயல் படகா என்பது மட்டுமே தெரியும்.

நம் உடலில் உள்ள நோய்த் தடுப்பு அமைப்பும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. அது 'நன்மையா, தீமையா' என்று கேட்பதில்லை. 'நம்முடையதா, அயலாருடையதா' என்றே முதலில் கேட்கிறது. இதனால்தான், பெற்ற தாய் மனமுவந்து கொடுத்த சிறுநீரகத்தையும் மகனின் உடல் பகைவனாகக் கருதித் தாக்குகிறது. தாயின் அன்பு வெள்ளணுக்களுக்குத் தெரியாது.

இந்தக் காவலை மருந்தால் தளர்த்துவதற்கு அறிவியல் கற்றுக்கொண்டுவிட்டது. அது மாபெரும் வெற்றி. ஆனால் உடலின் காவல் தளர்ந்த இடத்தில் ஊரின் காவல் இறுகியிருக்க வேண்டும். அது போதுமான அளவில் நடக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களுள் நம் வடசென்னைக் கடற்கரை மக்களும் உண்டு. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. நான் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் அறிவியலின் ஒரு பிரிவில் நிகழும் மாற்றம் தெருவில் வாழும் மனிதனை எப்படித் தொடுகிறது என்பது எல்லோரும் அறிய வேண்டிய செய்தி அல்லவா?

அணுக்களின் பதிவு எண்

நம் உடலின் பெரும்பாலான அணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் உள்ளன. எச்.எல்.ஏ. புரதங்கள் என்று இவற்றை அழைப்பர். இவையே அணுக்களின் பதிவு எண்கள். இவற்றுக்கான மரபுக் குறிப்பில் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறு பாதி தாயிடமிருந்தும் நமக்கு வருகிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையின் இரு தொகுதிகளை க, ங என்றும், தாயின் இரு தொகுதிகளை ச, ஞ என்றும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு எத்தனை விதமாக இவை அமையலாம்? கச, கஞ, ஙச, ஙஞ என நான்கு விதம். ஆகவே உங்கள் உடன்பிறந்தவர் ஒருவருடைய தொகுதி உங்களுடையதோடு முழுதும் ஒத்திருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. தாயோ தந்தையோ உங்களோடு பாதி ஒத்திருப்பார்கள். தெருவில் போகும் ஒருவர் உங்களோடு முழுதும் ஒத்திருப்பது மிக அரிது. ஏனெனில் மனித இனத்தில் இப்புரதங்களின் வகைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

அயல் உறுப்பை உடல் ஏற்க மறுப்பது தற்செயலான சீர்கேடு அன்று, அது உடல் கற்றுக்கொண்டு செய்யும் செயல் என்பதை இங்கிலாந்து நாட்டு அறிஞர் பீட்டர் மெடவார் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டிப் பார்த்தனர். அது சில நாட்களில் அழிந்து போயிற்று. 1943-இல் மெடவாரும் தாமஸ் கிப்சனும் ஒரு செய்தியைக் கவனித்தனர். அதே ஆளிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டிய தோல், முதல் முறையைவிட விரைவில் அழிந்தது! ஒரு முறை பார்த்த அயலானை உடல் நினைவில் வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். அம்மை ஒரு முறை வந்தால் மறுமுறை வராமல் காப்பதும் இதே நினைவுதான். இவ்வாராய்ச்சியின் தொடர்ச்சிக்காக மெடவார் 1960-இல் நோபெல் பரிசு பெற்றார்.

எனவே உறுப்பை மறுப்பதை நோய் என்று சொல்வது தவறு. காவலாளி தன் கடமையைச் செய்கிறான், அவ்வளவுதான்.

காவலாளி தன் வீட்டையே தாக்கினால்?

நோய் என்று சொல்லத்தக்கது மற்றொன்று. காவலாளி தன் வீட்டாரையே கள்வர் என்று எண்ணித் தாக்குவது அது. இதனைத் தன்னெதிர்ப்பு நோய் என்பர். இப்படியும் ஓர் ஆபத்து நேரலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மன் அறிஞர் பால் எர்லிச் சிந்தித்தார்.

டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. இதை ஒரு தேர்வு என்றே சொல்லலாம். உடலின் சொந்தப் புரதங்களைக் கண்டு வெகுண்டெழும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆயினும் எந்தத் தேர்விலும் சிலர் தப்பித் தேறிவிடுவது உண்டு. அவ்வாறு தப்பி வந்த அணுக்களை அடக்கிவைக்க, ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் என்ற மற்றொரு பிரிவு உண்டு. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் இது பற்றிய ஆராய்ச்சிக்காகவே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த இரண்டு தடைகளையும் மீறிக் காவல் தவறும்போது பல நோய்கள் உண்டாகின்றன. கணையத்தின் இன்சுலின் அணுக்கள் தாக்கப்பட்டால் சிறுவர்களுக்கு வரும் முதல் வகை நீரிழிவு. மூட்டுகள் தாக்கப்பட்டால் முடக்குவாதம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தாக்கப்பட்டால் சிறுநீரக அழற்சி.

உங்கள் வயதினருக்கு முக்கியமான ஓர் எடுத்துக்காட்டு ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. அதன் மேலுள்ள ஒரு புரதம் நம் இதயத் தசையின் புரதத்தைப் போலவே தோற்றமளிக்கிறது. பாக்டீரியாவை ஒழிக்கப் புறப்பட்ட எதிர்ப்பொருள்கள், இரண்டு மூன்று வாரங்களில் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கத் தொடங்குகின்றன. 5 முதல் 15 வயதுக்குட்பட்டோரையே இது மிகுதியாகத் தாக்குகிறது. நெருக்கமான வீடுகளில், பலர் ஒரே அறையில் படுத்துறங்கும் இடங்களில், தொண்டைப்புண் எளிதில் பரவுகிறது. ஆகவே இது ஏழைகளைத் தேடிவரும் நோய். உரிய காலத்தில் கொடுக்கப்படும் பெனிசிலின் இதைத் தடுத்துவிடும். தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் துறையில் ஓர் உண்மை உண்டு. எண்ணூர், மணலிப் பகுதித் தொழிற்சாலைகளில் வாயுக் கசிவை உணர்ந்து மணியடிக்கும் கருவிகள் வைத்திருப்பார்கள். கருவியின் உணர்திறனைக் கூட்டினால், கசிவு இல்லாதபோதும் மணி அடிக்கும். குறைத்தால், உண்மையான கசிவையும் தவறவிடும். இரு பிழைகளையும் ஒருசேர ஒழிக்கும் திருகு எதுவும் கிடையாது. உடலின் காவலுக்கும் இது பொருந்தும். கூடினால் தன்னெதிர்ப்பு நோய். குறைந்தால் தொற்று நோயும் புற்றுநோயும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுவர் தாழ்ந்த கதை

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் அறுவை மருத்துவர், ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்தவர்கள்; பதிவு எண்கள் முழுதும் ஒன்றே. காவலாளி ஏமாறவில்லை, ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை. பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அவருடைய பழைய சிறுநீரக நோய் புதிய சிறுநீரகத்திலும் தலைகாட்டியது.

எல்லோருக்கும் இரட்டையர் இருப்பதில்லையே! 1960-களில் அசாதயோபிரின் போன்ற மருந்துகள் வந்தன. நம் நாட்டில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. இக்காலத்தில் கொடையாளர் பெரும்பாலும் தாய், தந்தை, உடன்பிறந்தோர்தாம். அயலாரின் சிறுநீரகம் நெடுநாள் நிலைப்பது அரிதாக இருந்தது. அதாவது, உடலின் காவலே ஒரு சுவராக நின்று, உறுப்பை யாரிடமிருந்து பெறலாம் என்பதைக் குடும்பத்துக்குள் அடக்கி வைத்திருந்தது.

பின்னர் வந்தது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் இது. டி அணுக்கள் ஒன்றையொன்று கூவி அழைத்துப் படை திரட்டும் குரலை இது அடக்கிவிடுகிறது. 1983-இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் அயலாரின் சிறுநீரகமும் ஆண்டுக்கணக்கில் உழைக்கத் தொடங்கியது.

எத்தனை உயிர்கள் பிழைத்தன! வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், டயாலிசிஸ் பொறியோடு கட்டுண்டு கிடப்பவரின் துன்பத்தை எண்ணிப் பாருங்கள். அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் என்பது மறுபிறவி. ஆகவே சைக்ளோஸ்போரினைக் குறைகூற நான் முற்படவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உறவினரின் சிறுநீரகம்தான் வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. யாருடையதாயினும் பொருத்தலாம் என்றாயிற்று. யாரிடமும் வாங்கலாம் என்றால், எவரிடம் வாங்குவார்கள்? இல்லாதவரிடம்தான்!

கடற்கரையில் கொடுக்கப்பட்ட விலை

1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் சென்னையின் வில்லிவாக்கத்தைச் சிலர் 'கிட்னிவாக்கம்' என்றே குறிப்பிடும் நிலை வந்தது. கடன்பட்ட ஏழைகள் பலர் அங்கே சிறுநீரகத்தை விற்றிருந்தனர். ஓர் ஊரின் பெயர் இப்படி மாறுவது எவ்வளவு பெரிய வெட்கம்!

1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றமாயின. மூளைச்சாவு சட்டப்படி ஏற்கப்பட்டது. 2011-இல் சட்டம் திருத்தப்பட்டு, உறுப்பு வணிகத்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை என்றும், இருபது இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்றும் ஆயிற்று.

சட்டம் வந்த பிறகும் விற்பனை நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்கள் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டன. கடலை நம்பி வாழ்ந்தவர்கள், கடலிலிருந்தும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலிருந்தும் விலகிப் போயினர், கடன் ஏறியது. 2007 ஜனவரியில் அங்கிருந்த பெண்கள் பலர், தாங்கள் சிறுநீரகத்தை விற்றதாகவும், பேசிய தொகை முழுதும் கைக்கு வரவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். நாடே திடுக்கிட்டது. பிறகு மறந்தது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியின் விசைத்தறித் தொழிலாளரிடையே இதே புகார் மீண்டும் எழுந்தது.

சிலர் கேட்பார்கள்: "ஒருவருக்கு உயிர் வேண்டும், மற்றொருவருக்குப் பணம் வேண்டும். இருவரும் விரும்பிச் செய்தால் உமக்கென்ன?" இக்கேள்வியை ஒதுக்கித் தள்ளக்கூடாது. ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் நலமாக வாழ முடியும் என்பது உண்மைதான். நல்ல உணவும் தொடர்ந்த மருத்துவக் கவனிப்பும் இருந்தால் முடியும். ஆனால் விற்றவர்களுக்கு உண்மையில் என்ன நேர்ந்தது? கருத்தை விட்டு அளவீட்டைப் பார்ப்போம்.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் சந்தித்துக் கேட்டறிந்த ஓர் ஆய்வு, 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைப்பதற்காக. சராசரியாக அவர்கள் பெற்றது 1,070 டாலர்; ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். கடன் தீர்ந்ததா? கடனுக்காக விற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் ஆய்வு நடந்தபோதும் கடனாளிகளாகவே இருந்தனர். சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடல்நிலை கெட்டுவிட்டது என்றனர். நூற்றுக்கு 79 பேர் வேறு எவருக்கும் இதைப் பரிந்துரைக்கமாட்டோம் என்றனர். விற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் பெண்கள்.

இருவரும் நன்மை பெறும் கொடுக்கல் வாங்கலா இது? ஒரு பக்கம் உயிர் பிழைத்தது. மறு பக்கம் உறுப்பும் போயிற்று, கடனும் போகவில்லை. வறுமையின் நெருக்கடியில் சொல்லப்படும் 'சம்மதம்' என்பதை விருப்பம் என்று கொள்வது நேர்மையாகாது.

அன்பை அளக்கும் கருவி

சட்டம் இருந்தும் இது நடப்பதற்கு வழி எது? உறவினர் அல்லாதவரும் அன்பின் காரணமாக உறுப்பு கொடுக்கலாம். அதற்கு அரசு நியமித்த குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உயிர் நண்பர் ஒருவர் கொடுக்க முன்வந்தால் தடுக்கக் கூடாதல்லவா? எண்ணம் நல்லதுதான். ஆனால் தரகர்கள் நுழைவதும் இந்த வாயில் வழியாகத்தான்.

இருவர் தாயும் மகனுமா என்பதை மரபணுச் சோதனை சில நாட்களில் உறுதியாகச் சொல்லிவிடும். இருவரிடையே அன்பு உண்டா, பணம் கைமாறியதா என்பதைச் சொல்லும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. ஆகவே இவ்வேலையை மனிதர்கள்தாம் செய்ய வேண்டும். கொடுப்பவர் பெரும் கடனாளியா? பெறுபவரை எத்தனை நாளாக அறிவார்? இருவரின் வீடுகளும் எங்கே? இக்கேள்விகளைத் தாளில் நிரப்பினால் போதாது; வீட்டுக்கே சென்று விசாரிக்க வேண்டும். பிடிபடும்போது, கொடுத்த ஏழையைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டுத் தரகரையும் இலாபம் பெற்றவரையும் தப்பவிடக் கூடாது. கொடையளித்த ஒவ்வொருவருக்கும் பின்னாளில் மருத்துவக் கவனிப்பு தவறாமல் கிடைக்க வேண்டும். என் கருத்தில் இவை மூன்றும் குறைந்தபட்சத் தேவைகள்.

ஆனால் காவலை இறுக்குவது மட்டும் போதாது. நோயாளிக்கு வேறு வழி காட்ட வேண்டும். அந்த வழி நம்மிடமே இருக்கிறது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் கொடையாக அளித்தனர். அவன் இதயத்தைக் கொண்டு செல்லச் சென்னைப் போக்குவரத்தே வழிவிட்டது. அதன்பின் தமிழகத்தில் இறந்தோர் உறுப்புக்கொடை வளர்ந்தது. இன்று பதிவுப் பட்டியலின்படி உறுப்புகளைப் பங்கிடத் தனி ஆணையமே உள்ளது. கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக முதல்வர் அறிவித்தார். ராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவையும் நடைபெறுகிறது. இறந்தவரின் உறுப்புக்கு விலையில்லை. தரகருக்கும் அங்கே வேலை குறைவு.

உறுப்பைப் பொருத்தியதோடு கதை முடிவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். காவலாளி உறங்கவில்லை, மருந்தினால் மயங்கியிருக்கிறான். மாத்திரையை நிறுத்தினால் விழித்துக்கொள்வான். ஆகவே பெற்றவர் நாள்தோறும் மருந்து உண்டாக வேண்டும். முன்னே சொன்ன மணியின் உணர்திறனை நாமே குறைத்து வைத்திருப்பதால், சிறு தொற்றும் அவரைப் பெரிதாகத் தாக்கலாம். பணமில்லாமல் ஒரு மாதம் மருந்து நின்றால், யாரோ ஒருவர் கொடுத்த உறுப்பு வீணாகிவிடும். அறுவைக்குப் பணம் தரும் எந்தத் திட்டமும், வாழ்நாள் முழுதும் மாத்திரையும் தந்தால்தான் முழுமை பெறும்.

வருங்காலம்

ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைக் கொண்டு, அயல் உறுப்பை மட்டும் ஏற்று மற்ற பகைவரை எதிர்க்கும்படி உடலைப் பழக்க இயலுமா என்று ஆராய்கிறார்கள். மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகம் 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் உயிருள்ள நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பன்றியின் உறுப்பு பயன்படும் காலம் வந்தால், மனிதனிடம் விலை பேசும் தேவையே குறையும். ஆனால் அதற்கு முன்பாக அயலாரின் உறுப்பை மருந்தே இல்லாமல் ஏற்கும் வழி கிடைத்துவிட்டால்? நோயாளிகளுக்கு அது பெரும் பேறு. தரகர்களுக்கும் அது நல்ல செய்திதான்! 1980-களில் நடந்தது அப்போது மேலும் பெரிய அளவில் நடக்கலாம். அறிவியல் ஒரு சுவரைத் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும், சமூகம் தன் சுவரை உயர்த்தியாக வேண்டும். ஆராய்ச்சியை நிறுத்துவது இதற்கு விடையன்று. ஆராய்ச்சியோடு சட்டத்தையும் மனச்சான்றையும் வளர்ப்பதே விடை.

உங்களில் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் அதிகாரிகளாவீர்கள். சிலர் கடலுக்கே செல்வீர்கள். யாராயினும் இப்போதே செய்யக்கூடியவை உள்ளன. வீட்டுப் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகங்களை மிகுதியாகக் கெடுப்பவை இவையிரண்டே. உறுப்புக்கொடை பற்றி இரவு உணவின்போது பேசுங்கள். சாவு வீட்டில் முதன்முதலாகக் கேட்கும் பேச்சாக அது இருக்கக் கூடாது. கடனுக்குச் சிறுநீரகத்தை விற்கலாம் என்று உங்கள் தெருவில் எவரேனும் வழி சொன்னால், அந்த 305 பேரின் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். நூற்றுக்கு 74 என்ற எண்ணை மட்டுமாவது சொல்லுங்கள்.